மாமா வைத்த சீரும் நான் வைத்த மெஷினும்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம், சரவணம்பட்டி ஆபீஸில், மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது. மைக்கையும் கேமராவையும் அணைத்துவிட்டு, போனில் ஒரு தாடிக்காரர் பழைய மேசை ஒன்றைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் தேங்காய் அளவுக்கு ஒரு மெஷின். அது போன இடமெல்லாம் கறை காணாமல் போனது, கீறல் காணாமல் போனது. கடைசியில் அவர் உள்ளங்கையால் மேசையை ஒரு தடவு தடவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

"கீர்த்தி, லைன்ல இருக்கியா?" என்று டீம் லீட் கேட்டது எங்கோ கிணற்றுக்குள் கேட்டது.

இருந்தேன். ஆனால் என் மனசு அன்னூரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது.

எனக்கு யோசனை வருவது எங்கள் வீட்டில் காய்ச்சல் வருவது மாதிரி. முதலில் கண் பளபளக்கும்; பிறகு வீடே படுக்கும். மொட்டை மாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்த்தேன் (கொசு வளர்ந்தது). சோப்புக் காய்ச்சினேன் (அப்பாவுக்கு முதுகில் தோல் உரிந்தது). தேனீப் பெட்டி வைத்தேன். அதைப் பற்றி அப்பா இன்னும் பேசுவதில்லை. இடது காது பழைய நிலைக்கு வந்ததும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த மெஷினின் பெயர் ரேண்டம் ஆர்பிட் சாண்டர். உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரக்கு பரக்கென்று தேய்க்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் சாமர்த்தியமாகச் செய்கிறது. அடியில் இருக்கும் வட்டத் தட்டில் உப்புத்தாளை ஒட்டிவிட்டால், தட்டு தன்னைத்தானே சுற்றும், சுற்றிக்கொண்டே தள்ளாடும். ஒரு தடவை போன வழியில் மறுதடவை போகாது. அதனால் மரத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழாமல் வழவழவென்று வரும். ஒரே இடத்தில் நிற்காமல் தள்ளாடித் தள்ளாடியே வேலையை முடிக்கும் ஒரு மெஷின் என்று கேட்டதுமே எனக்கு அதனோடு ஒரு சொந்தபந்த உணர்ச்சி வந்துவிட்டது.

சரி, மேசைக்கு வருகிறேன்.

அது வெறும் மேசை இல்லை. சீர். நாங்கள் புது வீடு கட்டிக் குடிபுகுந்தபோது அம்மாவின் அண்ணன், அதாவது என் தாய்மாமா, மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் ஏற்றி, மேளம் கொட்டி, மாலை போட்டுக் கொண்டுவந்து இறக்கிய பொறந்த ஊட்டுச் சீர். எட்டுப் பேர் உட்காரலாம். "அசல் தேக்கு" என்று மாமா சொன்னார். ஊர் முழுக்க அம்மா சொன்னாள். எங்கள் பக்கத்தில் பொறந்த ஊட்டுச் சீர் என்பது ஒரு பெண்ணுக்கு முதுகெலும்பு மாதிரி. அப்பாவோடு எந்தச் சண்டை வந்தாலும் அம்மா குரலை உயர்த்த மாட்டாள். மெதுவாகப் போய் அந்த மேசைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பாள். "என்ற பொறந்த ஊட்டுல ஒண்ணுமில்லாம நான் வந்துபோடலைங்க" என்று அதற்கு அர்த்தம். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். சண்டை முடிந்தது.

மாமாவும் சும்மா இருக்க மாட்டார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருப்பவர். பாக்கைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லிப் பழக்கம். எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், யார் உட்கார்ந்திருந்தாலும், மேசை விரிப்பை ஒரு பக்கம் தூக்கி, விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டுவார். "கேட்டீங்ளா சத்தத்தை? தேக்கு. நான் வெச்சது." பிறகுதான் தண்ணீர் குடிப்பார்.

இப்படிப்பட்ட மேசைக்கு நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, ரசச் சட்டி வைத்த வெள்ளை வட்டம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் கறை. அங்கங்கே பாலிஷ் போய்ச் சொரசொரப்பு. அம்மா பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடியே வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் பிரபுவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் கோபியிலிருந்து எங்கள் ஊடு பார்க்க வருவதாக இருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, அண்ணனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. மிச்சமிருந்தது இந்த ஒரு மதியச் சாப்பாடுதான். மாமாதான் முன்னால் நின்று பேசப்போகிறார். அதாவது, நிச்சயமாக விரிப்பைத் தூக்கப்போகிறார்.

"அம்மா, அந்த மேசையை நான் புதுசு மாதிரி பண்ணித் தரட்டுங்ளா?" என்று அன்றிரவு சாப்பிடும்போது கேட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மணி, அதுமேல கை வெச்சீன்னா கையை ஒடிச்சு அடுப்புல போட்டுப்போடுவேன்."

"லேசா மேலாக்கத்தானுங்க..."

"காதை உங்கப்பா இன்னும் தடவிக்கிட்டே இருக்கறாரு. பேசாம சாப்பிடு கண்ணு."

'கண்ணு' என்று முடித்ததால் அதை அரைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் சுலபம்.)

மறுநாள் ஆபீஸ் முடிந்து வரும் வழியில் மெஷினை வாங்கிவிட்டேன். மாலையில் வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில் கிடந்த பழைய கதவுப் பலகை ஒன்றில் சோதனை செய்தேன். மெஷினை முதலில் காற்றிலேயே ஓடவிட்டு அப்புறம் பலகைமேல் வைத்தேன். அது கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளி, பலகையைத் தாண்டி, கறிவேப்பிலைச் செடிக்குள் போய்த் தலையைப் புதைத்துக்கொண்டது. சரி, முதலில் மரத்தின்மேல் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்று புரிந்தது. அடுத்த முறை அப்படியே செய்தேன். அரை மணி நேரத்தில் அந்தப் பலகை பட்டுத்துணி மாதிரி ஆனது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அண்ணனைக் கூப்பிட்டு அவன் கன்னத்தையும் வைக்கச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்குது புள்ள" என்றான் அண்ணன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் இன்றுவரை வருத்தப்படுகிறான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மாவும் அப்பாவும் காரமடையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பியதும் நான் விரிப்பை உருவினேன்.

"ஏம்புள்ள, அம்மா வேண்டாம்னு சொல்லுச்சில்ல?"

"அண்ணா, நாளைக்கு மாமா விரிப்பைத் தூக்குவாரா மாட்டாரா?"

"தூக்குவாரு."

"தூக்கினா உன்ற மாமனாரு மொதல்ல பாக்கறது ரசச்சட்டி வட்டம். பரவாயில்லையா?"

அண்ணன் யோசித்தான். காதலில் இருக்கும் மனிதனை எந்தப் பக்கமும் தள்ளலாம். "வெளிய தூக்கிட்டுப் போயாவது தேய்க்கலாம்" என்றான். முடியாது. அந்த மேசை உள்ளே வந்தபோது வாசலுக்குக் கிரில் கேட் போட்டிருக்கவில்லை. இப்போது வெளியே வர வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். ஆகவே ஹாலிலேயே, துவைத்துப் போட்ட சோபா உறைகளுக்கும் சாமி படங்களுக்கும் நடுவில், காரியம் தொடங்கியது.

தாடிக்காரர் ஒரு வித்தை காட்டியிருந்தார். தேய்ப்பதற்கு முன்னால் மரம் முழுக்கப் பென்சிலால் கோடு கிறுக்கிவிட வேண்டும். கோடெல்லாம் அழிந்துவிட்டால் எல்லா இடமும் சமமாகத் தேய்ந்தது என்று அர்த்தம். நான் பென்சிலை எடுத்து, அம்மாவின் பொறந்த ஊட்டுச் சீர் முழுக்க, எல்.கே.ஜி. பிள்ளை சுவரில் கிறுக்குவது மாதிரி கிறுக்கினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டான்.

சுவிட்சைப் போட்டேன். உய்ங்ங் என்று ஒரு சத்தம். பழைய பாலிஷ் பொடியாகப் பறந்தது. ரச வட்டம் மங்கியது, சிறுத்தது, போயே போய்விட்டது. மஞ்சள் கறை போனது. கீழிருந்து இளந்தேன் நிறத்தில் மரம் எழுந்து வந்தது. வரி வரியாக, தேக்கின் அந்த அலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. (தூசும் ஒரு காரணம்.)

பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்றே ஒன்று மட்டும் மறையவில்லை. மேசையின் தலைமாட்டில், மாமா எப்போதும் உட்கார்கிற இடத்துக்கு நேர் முன்னால், உள்ளங்கை அகலத்தில் லேசான பள்ளம் இருந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் ஒரு கோடு பத்திரமாக உட்கார்ந்துகொண்டிருந்தது. மெஷின் மேலே மேலே போனது, கோடு அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பொறுமைசாலி என்ன செய்திருப்பார்? "ஒரு கோடுதானே, கையால் தேய்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருப்பார். நான் மெஷினை லேசாகச் சாய்த்து, விளிம்பு அந்தப் பள்ளத்தில் படும்படி வைத்து, மொத்த உடம்பு எடையையும் அதன்மேல் போட்டேன். அழுத்தவே கூடாது, மெஷினின் எடையே போதும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தாராம். நான் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டியதில் அந்த வாக்கியம் என்னைத் தாண்டிப் போயிருந்தது.

கோடு அழிந்தது. அது மட்டுமா அழிந்தது!

அந்த இடத்தில் வெளிர்நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன். பொட்டு தோசையானது. தேய்க்கத் தேய்க்க அது வளர்ந்தது; ஓரமெல்லாம் ஒரு தீவின் கரை மாதிரி வளைந்து நெளிந்தது. தேக்கின் வரிகள் நெடுக்காக வந்து, அந்தத் தீவின் கரையில் சட்டென்று நின்றன. தீவுக்குள் வரிகள் குறுக்காக ஓடின.

மெஷினை நிறுத்தினேன். வீடு திடீரென்று அமைதியானது.

அண்ணன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். விரலால் தொட்டான். "ஏம்புள்ள, தேக்குக்குள்ள இதென்ன?"

"தெரியலைண்ணா."

தெரிந்துவிட்டிருந்தது. காகிதக் கனத்துக்கு மேலே ஒரு தேக்குத் தோல். அதற்குக் கீழே ப்ளைவுட். கால்கள் அசல் தேக்கு, சுற்றிலும் அடித்த கட்டை அசல் தேக்கு. நடுவில் எட்டுப் பேர் சாப்பிடுகிற இடம் முழுக்க ப்ளைவுட். அம்மா கை வைத்துக்கொண்டு நிற்கிற இடம் ப்ளைவுட். மாமா தட்டுகிற இடம் ப்ளைவுட்.

எனக்குப் பயம் வந்தது மேசையைக் கெடுத்ததற்காக இல்லை. மேசையைக் கெடுத்தால் திட்டு வாங்கலாம். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் நான் தேய்த்தது மரத்தை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு மதியம் புதுச் சம்பந்தி முன்னால் மாமா விரிப்பைத் தூக்குவார். ப்ளைவுட்டைச் சீர் வைத்துவிட்டுத் தேக்கு என்று இத்தனை வருஷம் தட்டிக் காட்டிய மனிதராக நிற்பார். அப்பா பார்ப்பார். அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும் அம்மாவுக்குக் கை வைக்க ஓர் இடம் இருக்காது.

"அட கெரகமே" என்றான் அண்ணன். "என்ற கல்யாணம் போச்சு."

"இருண்ணா, காபி டிகாக்ஷன் இருக்குதா பாரு."

கறுப்பு டிகாக்ஷனைப் பஞ்சில் நனைத்து அந்தத் தீவின்மேல் தடவினேன். தேக்கு நிறம் வரும் என்று கணக்கு. ப்ளைவுட் மூன்று நாள் பட்டினி கிடந்த மாதிரி டிகாக்ஷனை உறிஞ்சிக் குடித்தது. குறுக்கு வரிகளெல்லாம் இன்னும் எடுப்பாக எழுந்து, இப்போது மேசையின் தலைமாட்டில் ஒரு வரிக்குதிரைத் தோல் விரித்துப் போட்ட மாதிரி இருந்தது.

விரிப்பை இழுத்து மூடினோம். மேலே ஒரு பூச்சாடியை வைத்தோம். பிறகு வீட்டைப் பார்த்தோம். ஹாலே பொங்கலுக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது. வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள். சோபா உறையில், ஃபேன் இறக்கையில், டிவி மேல், முருகன் நெற்றியில், எங்கும் தேக்குப் பொடி. (அதில் எவ்வளவு தேக்கு என்பது வேறு விஷயம்.) மூன்று மணி வரை துடைத்தோம்.

அம்மாவும் அப்பாவும் வந்ததும் அப்பா ஃப்ரிட்ஜ் மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். "என்ன இது?"

"ஒட்டடை அடிச்சமுங்கப்பா" என்றான் அண்ணன்.

"ஒட்டடை இத்தனை மஞ்சளாவா இருக்கும்?" என்று அம்மா கேட்டாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். பூச்சாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் புடவை மாற்றப் போய்விட்டாள். அம்மா திட்டினால் பயமில்லை. திட்டாமல் போனால்தான் பயம். அன்றிரவு இரண்டு தடவை எழுந்துபோய்ப் பூச்சாடி அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஞாயிறு காலை மாமா முதல் ஆளாக வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம். தட்டுகிற விரல். நான் வாசலிலேயே மறித்தேன்.

"மாமா, இன்னைக்கு நீங்க ஃபேனுக்கு நேரா, இந்தப் பக்கமா உக்காருங்க. காத்து நல்லா வரும்."

"தாய்மாமன் தலைமாட்டுல உக்காராம வாசப்படியிலயா அம்மணி உக்காருவான்?" என்று சிரித்துக்கொண்டே என் தலையில் கையை வைத்துவிட்டுப் போய் தலைமாட்டில் உட்கார்ந்தார். நேராகத் தீவின் முன்னால்.

பதினொரு மணிக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா மஞ்சள் விவசாயி. எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிற ஆள். போர்வெல் எத்தனை அடி என்றார், மாடிப்படி ஏன் வலப்பக்கம் என்றார். அவர் கண் மேசைப் பக்கமும் அடிக்கடி திரும்பியது. மாமாவின் கை விரிப்பின் ஓரத்தை நோக்கி நகரும். நான் உடனே ஓடிப்போய், "மாமா, தண்ணிங்க" என்பேன். சற்று நேரத்தில் கை மறுபடி நகரும், "மாமா, மோருங்க." மறுபடியும், "மாமா, முறுக்குங்க." பெண்ணின் அம்மா, "மாமனுக்கு என்ன கவனிப்பு பாருங்க!" என்று நெகிழ்ந்தார். அண்ணன் பூச்சாடியை எடுத்துவிட்டு இலைகளைப் போட்டான். நான் சாதக் குண்டானை, வீட்டிலேயே கனமான பாத்திரம் என்று, நேராகத் தீவின்மேல் கொண்டுவந்து இறக்கினேன். இனி பூகம்பம் வந்தாலும் விரிப்பு அசையாது.

மாமா குண்டானைப் பார்த்தார். "இதென்ன, சூட்டோட மேசைமேல வெச்சுப்போட்ட? கறை புடிச்சுக்கும் அம்மணி. தேக்கு இது" என்று சொல்லி, குண்டானைத் தானே தூக்கிப் பக்கத்தில் வைத்தார். இலையை ஒதுக்கினார். "பாருங்க சம்பந்தி, சத்தத்தைக் கேளுங்க" என்று விரிப்பைத் தூக்கினார்.

முட்டி மேலே போனது. போன இடத்திலேயே நின்றது.

எல்லோரும் பார்த்தார்கள். காபி குடித்த அந்த வரிக்குதிரையும் எங்களைப் பார்த்தது. பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இதென்னுங்க, இந்த எடத்துல மட்டும் வேற மாதிரி இருக்குது?"

மாமாவின் முகத்தில் ரத்தம் இல்லை. பாக்கைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்பவர், அவருக்குப் புரியாமலிருக்குமா? அப்பா நாற்காலியிலிருந்து மெல்ல எழ ஆரம்பித்தார். அம்மா குழம்புக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் கண்ணில் கோபமே இல்லை. அம்மா பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு பேசியது என் மூளை இல்லை, வாய் மட்டும்தான்.

"நான்தானுங்க மாமா."

"நீயா?"

"அந்த எடத்துல தேக்கு கொஞ்சம் கீறலா இருந்துச்சுங்க. அதனால அதை வெட்டி எடுத்துப்போட்டு, ப்ளைவுட்டைப் பதிச்சுட்டேனுங்க."

அப்பா பாதி எழுந்த நிலையில் நின்றார். "தேக்கை வெட்டிப்போட்டு?"

"ஆமாங்கப்பா."

"ப்ளைவுட்டை வெச்சயா?"

"ஆமாங்கப்பா."

"எதுக்குச் சாமி?"

உலகத்தில் எந்தப் பதிலும் இல்லாத கேள்வி அது. என் வாய் ஒரு பதிலைக் கண்டுபிடித்தது.

"டிசைனுங்க."

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பா. வயிறு குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தேக்குல ப்ளைவுட்டு டிசைனா! ஏனுங்க, ஊர்ல அவனவன் ப்ளைவுட்டுமேல தேக்கை ஒட்டறான். உங்கூட்டுப் புள்ள தேக்குல ப்ளைவுட்டை ஒட்டியிருக்குது!" அவர் மனைவி அவர் முழங்கையை இடித்தார். அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. "இப்படி ஒரு நாத்தனா இருந்தா எம்புள்ளைக்குப் பொழுதுபோக்குக்குக் கொறையே இருக்காதுங்க. மேக்கொண்டு பேசலாமுங்க."

மாமா விரிப்பை இறக்கினார். மிக மெதுவாக, குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி இறக்கினார். "இந்தக் காலத்துப் புள்ளைங்க..." என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது. பிறகு குனிந்து மேசைக் காலைத் தட்டினார். டொக் டொக். "கேட்டீங்ளா சம்பந்தி? தேக்கு."

கல்யாணம் பேசி முடிந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகு சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். கை ஒடிகிற நேரம் வந்துவிட்டது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நேத்து சாயங்காலமே தூக்கிப் பாத்துட்டேன்" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"அப்பறம் ஏம்மா ஒண்ணும் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? ஒரம்பரை, சம்பந்தி சனமெல்லாம் வர்ற நேரத்துல." குழாயைச் சின்னதாக்கினாள். "அது ப்ளைவுட்டுன்னு எனக்கு எப்பவோ தெரியும் கண்ணு. வந்த வருசமே தண்ணி கொட்டி ஒரு பக்கமா உப்பிப்போச்சு. தேக்கு உப்புமா?"

வருஷக்கணக்கில் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. யாராவது சூடான பாத்திரம் வைத்தால் அவள் எப்போதும் ஏன் கத்தினாள், தொட்டால் கையை ஒடிப்பேன் என்று ஏன் சொன்னாள், எல்லாமே அப்போதுதான்.

"அப்ப சண்டை வந்தா அதுமேல கை வெச்சுட்டு நிப்பீங்களே?"

"ப்ளைவுட்டா இருந்தா என்ன? மேளம் அடிச்சு, மாலை போட்டுத்தான எங்கண்ணன் கொண்டாந்தாரு? அது பொய்யா?" என்று ஒரு தட்டைக் கழுவி என் கையில் கொடுத்தாள். "நீ என்ன சொல்லிப்போடுவியோன்னுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. கடைசில 'டிசைனுங்க'ன்னு சொன்ன பாரு..." அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கல்யாணம் ஆவணியில் நன்றாக நடந்தது. நான்தான் இன்னும் மீளவில்லை. அப்பாவைப் பொறுத்தவரை, நல்ல தேக்கை வெட்டி எறிந்துவிட்டு ப்ளைவுட் பதித்த உலகத்தின் ஒரே இன்ஜினியர் நான். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்கிறார். வெட்டிய தேக்குத் துண்டு எங்கே என்று கேட்டு இன்னும் பொடக்காளியில் தேடுகிறார். உண்மையைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. (அப்பா இதைப் படிக்க மாட்டார். கண்ணாடி போட்டால் தேங்காய் விலை மட்டும்தான் படிப்பார்.) வீட்டில் இப்போது எது கெட்டாலும் ஒரே விளக்கம்தான். சாம்பாரில் உப்பு கூடினால், "டிசைனுங்க." அண்ணன் காரைத் தூணில் இடித்தால், "டிசைனுங்க." அண்ணி எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட முதல் வார்த்தையே அதுதான்.

மெஷினை நான் பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். தோசைக்கல்லைத் தேய்க்கிற சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடக்கிற நிலைமை. இனி அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

போன வாரம் மாமா போன் செய்தார். வழக்கமாக அம்மாவுக்குத்தான் செய்வார். அன்று எனக்குச் செய்தார். மண்டியில் ஆள் சத்தம் குறைந்த பிறகே விஷயத்துக்கு வந்தார்.

"அம்மணி, அன்னைக்கு நீ எம் மானத்தைக் காப்பாத்திப்போட்ட."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க மாமா."

"என்ற கண்ணு முன்னாலதான் அந்த மேசை செஞ்ச கடைக்காரன் மரத்தை அறுத்தான். அறுத்தது ஒண்ணு, ஒட்டினது ஒண்ணு போலிருக்குது. சரி, அதை உடு." குரலைத் தாழ்த்தினார். "அந்த மெஷின் இன்னும் வெச்சிருக்கறயா?"

"இருக்குதுங்க. ஏனுங்க மாமா?"

"எங்கூட்டுக் கட்டில் ஒண்ணு இருக்குதில்ல? உங்கத்தை பொறந்த ஊட்டுச் சீரு. 'எங்கப்பாரு ஒரே தேக்கை அறுத்துச் செஞ்சது'ன்னு கல்யாணமான நாள்லயிருந்து சொல்லிக் காட்டறா. தலைமாட்டுப் பலகைல, சுவத்துப் பக்கமா, ஒரு ஓரத்துல மட்டும் லேசா தேய்ச்சுப் பாத்தா என்ன?"

கூடாது என்று எனக்குத் தெரியும். அம்மா அந்தப் பிளாஸ்டிக் விரிப்பை எத்தனை வருஷம் இழுத்து இழுத்து விட்டாள் என்று பார்த்த பிறகும் போனால் என்னைப் போல மடச்சி இருக்க முடியாது. அதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தனாம் நம்பர் தாள் கொண்டு வரட்டுங்க மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

வரும் ஞாயிறு அத்தை பிறந்த வீட்டுக்குப் போகிறார். பையில் மெஷினையும் இருப்பதிலேயே மெல்லிய தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன். பென்சிலை வைக்கவில்லை. அழுத்த மாட்டேன். ஒரு ஓரம், ஒரே ஒரு தடவு.

"வேலை நடக்கறப்ப அத்தை திடீர்னு வந்துட்டா என்னங்க மாமா சொல்றது?" என்று கடைசியாகக் கேட்டேன்.

மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதுக்கென்ன அம்மணி, டிசைனுன்னு சொல்லிப்போடலாம்."